சாலொமோன் பெண்களால் விழவில்லை

பலவான் சிம்சோன், பக்திமான் தாவீது, ஞானி சாலொமோன். வாலிபர் கூடுகை மேடைகளில் இந்த மூன்று பேரையும் வரிசையாக நிறுத்துவது வெகுகால வழக்கம். பலம் இருந்தும் ஒருவன் விழுந்தான், பக்தி இருந்தும் ஒருவன் விழுந்தான், ஞானம் இருந்தும் ஒருவன் விழுந்தான், மூவரையும் தள்ளிவிட்டது பெண் என்று பிரசங்கியார் முடிப்பார். ஆகவே தம்பிமாரே ஜாக்கிரதை என்று குரல் உயரும். மறுபக்கம் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஏறக்குறைய 3000 வருஷத்துக்கு முன்பு எருசலேமில் ஆண்ட ஒரு ராஜாவின் பாவத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு எழுதிவைத்துவிட்டுத்தான் கூட்டம் கலையும்.

சிம்சோனைப் பற்றியும் தாவீதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. ஊரியாவின் மனைவி விஷயத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதை நோக்கித்தான் விரலை நீட்டினார், பத்சேபாளை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு சாலொமோனிடம் வருகிறேன். மூவரில் அவனுடைய கதைதான் மிக மோசமாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. 1 இராஜாக்கள் புத்தகத்தில் அவனுக்குப் பதினொரு அதிகாரங்கள் இருக்கின்றன. பிரசங்க மேடை அதில் இரண்டைத்தான் வைத்துக்கொண்டது: ஞானம் கேட்ட 3ஆம் அதிகாரம், மனைவிமார் வருகிற 11ஆம் அதிகாரம். நடுவில் இருப்பவை ஆலயப் பிரதிஷ்டைக்கும் கட்டட நிதிக்கும் மட்டும் எடுக்கப்படுகின்றன. இப்படி வெட்டி வாசித்தால் நல்ல பிள்ளை ஒருவன் கிழவயதில் பெண்மயக்கத்தில் கெட்டான் என்றுதான் தோன்றும். முழுவதும் வாசித்தால் தெரிவது வேறு. அவன் சேர்த்துச் சேர்த்து விழுந்தான். மற்றவர்களின் முதுகின்மேல் ஏறி நின்று விழுந்தான். அவன் சேர்த்தவற்றில் பெண்களும் உண்டு.

எனக்கு எதிராக இருக்கிற வசனத்தை நான் மறைக்கப்போவதில்லை. அவனுக்குப் பிரபுக்கள் குலமான மனைவிகள் 700 பேரும் மறுமனையாட்டிகள் 300 பேரும் இருந்தார்கள், அவர்கள் அவன் இருதயத்தை வழுவிப்போகப்பண்ணினார்கள் என்று 11ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது. அவன் முதிர்வயதில் இது நடந்தது என்றும் சொல்கிறது. இந்த வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கு முடிந்தது என்கிறார்கள். ஆனால் அடுத்த வசனங்களில் கர்த்தர் யார்மேல் கோபமானார் என்று பாருங்கள். சாலொமோன்மேல் கோபமானார். யாரிடம் பேசினார்? சாலொமோனிடம் பேசினார். இரண்டு தரம் உனக்குத் தரிசனமானேன், நீ என் உடன்படிக்கையைக் காத்துக்கொள்ளவில்லை என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். மனைவிமாரை அழைத்து விசாரிக்கவில்லை, அவர்களுக்குத் தண்டனை விதிக்கவில்லை. காமோசுக்கும் மோளேகுக்கும் எருசலேமுக்கு எதிரே இருந்த மலையில் மேடை கட்டியவன் என்று வேதம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவனைத்தான். ஏதேனில் ஆதாம் சொன்ன சாக்கைக் கர்த்தர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதே சாக்கை சாலொமோன்கூடச் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவனுக்காக அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம் பிரசங்கிகள்.

ஒரு ராஜாவை எதைக் கொண்டு அளப்பது என்று இஸ்ரவேலுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. உபாகமம் 17ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துப் பாருங்கள். ராஜா தனக்கு அநேகம் குதிரைகளைச் சேர்க்கக்கூடாது, அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திரும்பிப்போகப்பண்ணவும் கூடாது. அநேகம் ஸ்திரீகளைச் சேர்க்கக்கூடாது. வெள்ளியும் பொன்னும் மிகுதியாகப் பெருகப்பண்ணக்கூடாது. நியாயப்பிரமாணத்தைத் தன் கையால் ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்கவேண்டும். காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் இருதயம் தன் சகோதரர்மேல் மேட்டிமைகொள்ளாதபடிக்கு. குதிரை, பெண், பொன் மூன்றும் ஒரே தடையில், ஒரே மூச்சில் வருகின்றன.

இப்போது 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தின் கடைசிக்குப் போங்கள். ஒரே வருஷத்தில் அவனுக்கு வந்த பொன் 666 தாலந்து. (இந்த எண்ணைக் கண்டதும் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஓடவேண்டாம். எண்ணைவிட எடைதான் இங்கே விஷயம்.) அந்தப் பொன்னில் 200 பெரிய கேடகங்கள், 300 சின்னக் கேடகங்கள். தந்தச் சிங்காசனம், அதற்கும் பொன்தகடு. பானபாத்திரமெல்லாம் பொன், வெள்ளிக்கு மதிப்பே இல்லை. ரதங்கள் 1400, குதிரைவீரர் 12,000. குதிரைகள் எகிப்திலிருந்து வந்தன. ரதம் ஒன்று 600 வெள்ளிக்காசு, குதிரை ஒன்று 150 என்று விலைகூட எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை ஏத்திய ராஜாக்களுக்கும் சீரிய ராஜாக்களுக்கும் விற்கிற வியாபாரமும் நடந்தது. இதற்கு அடுத்த வரியில்தான் 11ஆம் அதிகாரம் தொடங்கி மனைவிமாரைப் பற்றிப் பேசுகிறது. எழுதியவர் உபாகமத்தின் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்: பொன் சேர்த்தான், எகிப்தில் குதிரை வாங்கினான், பெண்களைச் சேர்த்தான். மூன்று கட்டளையையும் மீறியவனைப் பற்றி ஒரு மீறலை மட்டும் பிரசங்கிப்பது ஏன்? மற்ற இரண்டையும் ஆசீர்வாதம் என்று நாம் பெயர் மாற்றிவிட்டோம். பொன்னைப் பற்றிச் சொன்னால் முன்வரிசை நெளியும். பெண்ணைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் செலவில்லை.

சரி, அந்தப் பெண்கள் யார்? வசனம் அவர்களைப் பிரபுக்கள் குலத்தார் என்கிறது, அதாவது ராஜகுமாரத்திகள். ஒரு ராஜகுமாரத்தி தானாக எருசலேமுக்கு வந்து ஒரு ராஜாவை மயக்குவதில்லை. அவளுடைய தகப்பன் ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறான், அவள் அந்த ஒப்பந்தத்தின் முத்திரை. பார்வோனின் குமாரத்தி கதையில் இது கண்கூடு. கேசேர் பட்டணத்தைப் பார்வோன் பிடித்து, நெருப்பு வைத்து, அங்கே குடியிருந்த கானானியரைக் கொன்றுபோட்டு, மிச்சமிருந்த சாம்பல்மேட்டைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான். அதை சாலொமோன் திரும்பக் கட்டினான். அந்தப் பெண்ணின் பெயர் என்ன? வேதத்தில் இல்லை. அவள் பேசிய ஒரு வார்த்தை? அதுவும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த விவாகம் 3ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இருக்கிறது. கிபியோனில் அவன் ஞானம் கேட்ட சம்பவத்துக்கு முன்பாகவே புத்தகம் அதைச் சொல்லிவிடுகிறது. முதிர்வயதில் புத்தி தடுமாறியவனுடைய கதை என்றால் இந்த வசனம் அங்கே வரவேண்டிய அவசியமே இல்லை.

மோவாப், அம்மோன், ஏதோம், சீதோன், ஏத்து என்று அந்தப் பெண்கள் வந்த தேசங்களின் பட்டியலைப் பாருங்கள். சாலொமோனுடைய எல்லைகளையும் வியாபாரப் பாதைகளையும் சுற்றிவந்ததுபோல இருக்கும். ஒவ்வொரு உடன்பாட்டோடும் ஒரு பெண் வந்தாள், ஒவ்வொரு பெண்ணோடும் அவள் தேசத்து விக்கிரகம் வந்தது. அந்தத் தேசத்தோடு நட்பு வேண்டுமென்றால் அந்த மேடை இருக்கவேண்டும். ராஜ்யத்தின் பாதுகாப்பை அவன் கர்த்தரிடம் தேடுவதை விட்டுவிட்டுத் திருமண ஒப்பந்தங்களில் தேடினான். விக்கிரகங்கள் அவன் வீட்டுக்குள் நுழைந்த வாசல் அதுதான். ஆயிரம் பேரில் ஒருத்தியிடமாவது உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டிருப்பார்களா? தன் ஊரையும் தாய்மொழியையும் விட்டு வந்து, ஒரு புருஷனின் முகத்தை வருஷத்தில் ஒருநாள் பார்த்தாளோ இல்லையோ என்று இருந்தவள்தான் அவனைக் கெடுத்தவள் என்கிறோம். அவளுக்கும் ஆத்துமா உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

அந்நிய ஜாதிப் பெண் என்பதே ஆபத்து என்று வாதிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ரூத் யார்? மோவாபிய ஸ்திரீ. ஓபேதின் தாய், ஈசாயின் பாட்டி, தாவீதின் கொள்ளுப்பாட்டி. அவள் இல்லாவிட்டால் சாலொமோனே இல்லை. எரிகோவின் ராகாப் மத்தேயுவின் முதல் அதிகாரத்தில் இரட்சகரின் வம்சவரலாற்றிலேயே இருக்கிறாள். சாலொமோனின் காலத்திலேயே சேபாவின் ராஜஸ்திரீ வந்தாள். அவனுடைய அரண்மனையின் பந்தியையும் படிக்கட்டுகளையும் பார்த்துப் பிரமித்தவள், கடைசியில் அவனுக்குச் சொன்ன விஷயம் முக்கியமானது: நியாயமும் நீதியும் செய்வதற்காகத்தான் கர்த்தர் உன்னை ராஜாவாக வைத்தார் என்றாள். 10ஆம் அதிகாரம் முழுவதிலும் நீதி என்ற பேச்சை எடுக்கிற ஒரே ஆள் அந்த அந்நிய ஸ்திரீதான். நெகேமியா 13ஆம் அதிகாரத்தில் சாலொமோனை உதாரணம் காட்டி அந்நிய ஸ்திரீகளை விவாகம்பண்ணுவதைக் கண்டிக்கிறாரே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் நெகேமியா திட்டியதும் அடித்ததும் மயிரைப் பிடித்து இழுத்ததும் யூதப் புருஷர்களை. நெகேமியாவைப் பின்பற்ற விரும்புகிற பிரசங்கியார் எந்தப் பக்கம் திரும்பிப் பேசவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

இனி மேடையில் யாரும் தொடாத பகுதிக்கு வருவோம். என் வழக்கின் மையம் இதுதான்.

5ஆம் அதிகாரத்தில் சாலொமோன் இஸ்ரவேலர் எல்லாரிலுமிருந்து 30,000 பேரை அமஞ்சி வேலைக்குப் பிடித்தான். கூலி கிடையாது. மாதத்துக்குப் பத்தாயிரம் பேர் என்று முறைபோட்டு லீபனோனுக்கு அனுப்பினான். ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டிலே. கணக்குப் போட்டால் வருஷத்தில் நான்கு மாதம். எப்பிராயீம் மலைநாட்டில் ஒரு குடியானவனை எண்ணிப்பாருங்கள். அவனுடைய முறை வாற்கோதுமை அறுப்பு மாதத்தில் வந்தால் கதிரை யார் அறுப்பது? திராட்சை ஆலையை யார் மிதிப்பது? பிள்ளைபெற்ற மனைவியையும் கிழத் தாயையும் வயலில் விட்டுவிட்டு, வடக்கே நடந்து, குளிர்மலையில் கேதுரு மரம் வெட்டவேண்டும். இவர்களைத் தவிர சுமைசுமக்கிறவர்கள் 70,000 பேர், மலைகளில் கல்வெட்டுகிறவர்கள் 80,000 பேர், இவர்களை வேலைவாங்குகிற மேலாட்கள் 3300 பேர். ஆலய அஸ்திபாரத்துக்குப் பெரிய கற்களைப் பெயர்த்துக் கொண்டுவரச் சொன்னான். அரண்மனைக்கு எட்டு முழமும் பத்து முழமும் நீளமுள்ள கற்கள். இயந்திரம் இல்லாத காலத்தில் பத்து முழக் கல் ஒன்றைக் கயிறும் உருளைக்கட்டையும் தோளும் கொண்டு மலைச்சரிவில் இறக்கும்போது எத்தனை பேருடைய கால் நசுங்கியிருக்கும்?

ஆலயம் கட்டப்படும்போது சுத்தியல் சத்தமோ வாச்சி சத்தமோ அங்கே கேட்கவில்லை, கற்கள் எல்லாம் முன்பே பணிதீர்ந்து வந்தன என்ற வசனம் நமக்கு மிகவும் பிரியமானது. தேவசமுகத்தின் அமைதி, பரிசுத்தம் என்று இதை வைத்து எத்தனையோ செய்திகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நல்ல செய்திகள்தான். ஆனால் சத்தம் இல்லாமல் போகவில்லை, இடம் மாறியது. கல் உடைக்கிற இடத்தில், லீபனோன் காட்டில், அமஞ்சி ஆட்களின் காதில் அது நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பிரதிஷ்டை நாளில் 22,000 மாடுகளையும் 1,20,000 ஆடுகளையும் பலியிட்டவர்கள் நின்ற இடத்துக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு சபையின் அமைதியை நாம் மெச்சிக்கொள்ளும்போது, அந்த அமைதிக்காகச் சத்தம் எங்கே தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்கிற பழக்கம் நமக்கு வரவேண்டும்.

ஆலயத்துக்கு ஏழு வருஷம் ஆனது. அதை முடித்த கையோடு தன் அரமனைக்கு 13 வருஷம் எடுத்துக்கொண்டான். ஆலயத்தின் நீளம் 60 முழம், அகலம் 20 முழம். அரமனைக் கட்டடங்களில் ஒன்றான லீபனோன் வனமாளிகை மட்டும் 100 முழ நீளம், 50 முழ அகலம். தேவனுக்குக் கட்டுகிறேன் என்று ஆரம்பித்த கட்டாய வேலை ராஜாவுக்குக் கட்டுவதற்கும் அப்படியே தொடர்ந்தது. மில்லோ, எருசலேம் மதில், ஆத்சோர், மெகிதோ, கேசேர் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள்தான். இருபது வருஷக் கட்டடவேலை முடிந்தபோது, மரமும் பொன்னும் தந்த தீருவின் ராஜா ஈராமுக்கு சாலொமோன் கலிலேயா நாட்டில் 20 பட்டணங்களைக் கொடுத்தான். மனிதர் குடியிருந்த பட்டணங்கள். ஈராமுக்கு அவை பிடிக்கவில்லை என்று வேதம் பதிவுசெய்கிறது. அந்தப் பட்டணத்தாருக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்டதாக இல்லை.

9ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் புத்திரரில் ஒருவரையும் சாலொமோன் அடிமையாக்கவில்லை என்று இருக்கிறதே என்று வேதம் அறிந்த நண்பர்கள் மறுப்பார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் 5ஆம் அதிகாரம் இஸ்ரவேலர் எல்லாரிலும் என்கிறது. 11ஆம் அதிகாரத்தில் யெரொபெயாம் யோசேப்பு வம்சத்தாரின் சுமைவேலைக்கு மேலாளாக வைக்கப்பட்டிருக்கிறான். நிரந்தர அடிமையும் முறைபோட்டுப் பிடிக்கப்பட்ட ஆளும் வெவ்வேறு என்று வைத்துக்கொண்டாலும், கூலி இல்லாமல் நான்கு மாதம் உழைத்தவனுக்கு அந்த வேறுபாடு எந்த ஆறுதலைத் தரும்? அந்நியரைத்தான் அடிமைகளாக்கினான் என்பது ஒரு சமாதானமாகவும் ஆகாது. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்று உபாகமம் திரும்பத் திரும்பச் சொல்வது எதற்காக?

அரண்மனையின் ஒருநாள் சாப்பாட்டுக் கணக்கும் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: மெல்லிய மாவு 30 மரக்கால், மற்ற மாவு 60 மரக்கால், கொழுத்த மாடுகள் 10, மேய்ச்சல் மாடுகள் 20, ஆடுகள் 100, இவை போக மான்களும் பறவைகளும். ஒருநாளைக்கு. தேசம் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு மாதம் என்று இந்தப் பந்தியை நிரப்பவேண்டும். அந்தப் பன்னிரண்டு அதிகாரிகளில் இரண்டு பேர் ராஜாவின் மருமக்கள். அதே அதிகாரத்தில் யூதாவும் இஸ்ரவேலும் தங்கள் திராட்சச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் சுகமாய்க் குடியிருந்தார்கள் என்றும் இருக்கிறது. அதை நான் நம்புகிறேன். யுத்தம் இல்லாத காலம் அது. ஆனால் அடுத்த வசனங்களிலேயே குதிரைகளுக்கு வாற்கோதுமையும் வைக்கோலும் சுமந்து கொண்டுவந்தவர்கள் வருகிறார்கள். குதிரை தின்னும் வாற்கோதுமை ஏழையின் அப்பமும்தான்.

இதையெல்லாம் நம் சபைகள் உணராமல் இருப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. தென்திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதியார் சர்க்காருக்கும் கோயில்களுக்கும் கூலியில்லாமல் ஊழியவேலை செய்யவேண்டியிருந்தது. சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட முதல் தலைமுறையாருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது விடுதலை வேண்டும் என்று மிஷனரிகள் வாதாடவேண்டியிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று கன்னியாகுமரி மாவட்டத்து ஆலயங்களில் உட்கார்ந்து சாலொமோனைப் பற்றிக் கேட்கிறார்கள். லீபனோனுக்கு அனுப்பப்பட்ட அந்த 30,000 பேர் யாருடைய சொந்தக்காரர்கள் என்று உலகத்தில் வேறு எந்தச் சபையைவிடவும் இந்தச் சபைக்குத் தெரியும். அவர்களிடம் போய், ராஜா பெண்ணால் கெட்டான் என்பதோடு முடித்துக்கொள்வது அவர்கள் முன்னோரின் கண்ணீரையே திருடுவதாகும்.

சீகேமில் நடந்ததைப் பாருங்கள். சாலொமோன் இறந்ததும் அவன் மகன் ரெகொபெயாமை ராஜாவாக்க இஸ்ரவேல் கூடியது. ஜனங்கள் ஒரே ஒரு மனு கொடுத்தார்கள்: உம்முடைய தகப்பன் எங்கள் நுகத்தைப் பாரமாக்கினார், அந்தக் கடினமான வேலையையும் பாரத்தையும் இலகுவாக்கும், நாங்கள் உம்மைச் சேவிப்போம். மனைவிமார் என்ற பேச்சே இல்லை. அஸ்தரோத் இல்லை, காமோஸ் இல்லை. ரெகொபெயாம் தன்னோடு வளர்ந்த வாலிபரின் ஆலோசனையைக் கேட்டு, தகப்பன் சவுக்கால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று பதில் சொன்னான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின. பிறகு அவன் அவர்களிடம் யாரை அனுப்பினான்? கட்டாய வேலைக்குத் தலைவனாயிருந்த அதோராமை. ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். கல் உடைக்கப் பிடித்துக்கொண்டுபோகப்பட்டவர்களின் கையில் கடைசியாக இருந்ததும் கல்தான். நான் அந்தக் கொலையை நியாயப்படுத்தவில்லை. ஆனால் நாற்பது வருஷ ஆட்சியின் கணக்கு அந்த இடத்தில் தீர்க்கப்பட்டது.

இன்னொரு சாட்சி இருக்கிறது. நாளாகமத்தை எழுதியவருக்கு தாவீது வம்சத்தின்மேல் பெரிய மதிப்பு. அவர் சாலொமோனுடைய 700 மனைவிகளையும் விட்டுவிட்டார், விக்கிரக மேடைகளையும் விட்டுவிட்டார். 2 நாளாகமம் 9ஆம் அதிகாரத்தில் அவன் மகிமையோடே நித்திரையடைகிறான். ஆனால் 10ஆம் அதிகாரத்தில் சீகேம் மனுவை அவரால் விடமுடியவில்லை. பாரமான நுகம் என்ற முறையீடு அப்படியே இருக்கிறது. மனைவிமாரைச் சொல்லாமலே அவரால் சாலொமோனின் கதையை முடிக்க முடிந்தது. நுகத்தைச் சொல்லாமல் ராஜ்யம் பிரிந்த கதையைச் சொல்ல முடியவில்லை.

ராஜ்யம் பிரியப்போவதற்கு அடையாளமாக, சீலோனியனாகிய அகியா தீர்க்கதரிசி புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்துப் பத்தை யெரொபெயாமிடம் கொடுத்தபோது விக்கிரக ஆராதனையைத்தானே காரணமாகச் சொன்னார் என்று கேட்கலாம். ஆம், அதைத்தான் சொன்னார். அதை நான் சின்னப் பாவமாக்கவில்லை. ஆனால் விக்கிரக ஆராதனை ஒரு பக்கம், ஏழையின் உழைப்பைப் பறிப்பது இன்னொரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்தது நாம். தீர்க்கதரிசிகளுக்கு இரண்டும் ஒன்றுதான். சாலொமோன் தன் ஆட்சியின் தொடக்கத்தில் ஆசாரியனாகிய அபியத்தாரை ஆனதோத்துக்குத் துரத்திவிட்டான். நூற்றாண்டுகள் கழித்து அதே ஆனதோத்தின் ஆசாரியர் நடுவிலிருந்து எரேமியா வந்தார். அயலான் செய்த வேலைக்குக் கூலிகொடாமல், அநீதியினால் தன் வீட்டைக் கட்டி, கேதுருப் பலகைகளால் அதை அலங்கரிக்கிறவனுக்கு ஐயோ என்று யோயாக்கீம் ராஜாவைக் கண்டித்தார். சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரிப்பதுதான் கர்த்தரை அறிகிற அறிவு என்றார். எரேமியா 22ஆம் அதிகாரம் அது. கேதுருப் பலகையும் கொடாத கூலியும் எந்த ராஜாவிடத்தில் தொடங்கின என்று ஆனதோத்து ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். இஸ்ரவேல் ராஜாவைக் கேட்ட நாளிலேயே சாமுவேல் எச்சரித்தார்: உங்கள் குமாரரை ரதங்களுக்கு எடுப்பான், உங்கள் குமாரத்திகளைத் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுப்பான். அந்த எச்சரிக்கையிலும் பெண்கள் கெடுக்கிறவர்களாக வரவில்லை, பிடித்துக்கொண்டுபோகப்படுகிறவர்களாக வருகிறார்கள்.

செழிப்பைப் பிரசங்கிக்கிறவர்களுக்கு சாலொமோன் இன்னும் வசதியான ஆள். ஞானம் கேட்டான், ஐசுவரியமும் கூடக் கிடைத்தது, நீங்களும் கேளுங்கள் என்கிறார்கள். கர்த்தர் அவனுக்கு ஐசுவரியத்தையும் மகிமையையும் வாக்களித்தார் என்பது மெய். அதைக் கொண்டு அவன் என்ன செய்தான் என்பதையும் அதே மேடையில் சொல்லவேண்டும். நம் ஆண்டவர் சாலொமோனைப் பற்றிச் சொன்னதை எண்ணிப்பாருங்கள். அவனுடைய சர்வ மகிமையும் காட்டுப்புஷ்பம் ஒன்றுக்கு ஈடாகாது என்றார். உழைக்கவும் நூற்கவும் செய்யாத பூவுக்கு முன்னால், பிறர் உழைப்பினால் உடுத்தியவன் நிற்கமுடியவில்லை. சாலொமோனிலும் பெரியவர் இங்கே இருக்கிறார் என்று சொன்ன அவர், தலைசாய்க்க இடமில்லாதவர், சீஷர்களின் காலைக் கழுவியவர். சாலொமோனைப்போல ஆசீர்வதியும் என்று ஜெபிக்கிற சபை யாருடைய சபை என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய ஆலயம் கட்டும்போது மேஸ்திரியின் பாக்கியை இழுத்தடித்து, சித்தாள் பெண்ணின் கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்து, பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பந்தல் போடுவதும் நம் நடுவில் நடக்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவியில் எட்டியது என்று யாக்கோபு எழுதியது விசுவாசிகளின் சபைகளுக்குத்தான்.

சாலொமோன் கடைசியில் மனந்திரும்பினானா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. பிரசங்கி புத்தகத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது அவன் எழுதியது என்ற மரபை அப்படியே எடுத்துக்கொள்வோம். அதன் 4ஆம் அதிகாரம் ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைக் கண்டேன், அவர்களைத் தேற்றுவாரில்லை என்று தொடங்குகிறது. வாசிக்கிற யாருக்கும் நெஞ்சு கரையும். ஆனால் கண்டவன் ராஜா. 30,000 பேரை வீட்டுக்கு அனுப்ப அவன் ஒரு கட்டளை பிறப்பித்தால் போதும். அனுப்பியதாக எங்கேயும் இல்லை. அவன் மகனுடைய காலத்திலும் அதோராம் அதே வேலையில் இருந்தான். கண்ணீர் மனந்திரும்புதல் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி எனக்குத் தேவையில்லை. சகேயு பாதி ஆஸ்தியைக் கொடுத்து, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்ற பிறகுதான் இரட்சிப்பு அந்த வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்.

சீகேமில் இன்னும் சிலர் நின்றார்கள். சாலொமோன் உயிரோடிருக்கும்போது அவன் சமுகத்தில் நின்ற முதியோர் என்று வேதம் அவர்களை அடையாளம் காட்டுகிறது. ரெகொபெயாம் கேட்டபோது அவர்கள் சொன்ன ஆலோசனை அருமையானது: நீர் இன்று இந்த ஜனங்களுக்குச் சேவகராகி, நல்வார்த்தை சொன்னால், என்றைக்கும் அவர்கள் உமக்குச் சேவகராயிருப்பார்கள். என்ன செய்தால் தீரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேற்றுத் தெரிந்ததல்ல, அமஞ்சி ஆட்கள் முறைமுறையாக வடக்கே போனதையும் திரும்பி வந்ததையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த ஆலோசனையை அவர்களில் ஒருவர் சாலொமோனிடம் சொன்னதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவன் பந்தியில் சாப்பிட்டார்கள், அவன் ஞானத்தைக் கேட்டு வியந்தார்கள், அவன் இறந்தபின் வாயைத் திறந்தார்கள். நம்முடைய சேகரக் கமிட்டிகளிலும் ஆலோசனைச் சங்கங்களிலும் உட்கார்ந்திருக்கிற மூப்பர்கள் சாலொமோனின் கதையில் தங்களைத் தேடவேண்டிய இடம் இதுதான். போதகரோ தலைவரோ இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே, கூலி பாக்கியையும் கணக்கையும் பற்றிக் கமிட்டியில் எழுந்து கேட்டு, கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் பதிய வைக்க அவர்களுக்கு உரிமையும் கடமையும் இருக்கிறது. ரெகொபெயாம் வரும்வரை காத்திருந்தால், அவன் யாருடைய ஆலோசனையைத் தள்ளுவான் என்று 12ஆம் அதிகாரம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.